ஸ்டார் ரெய்டர்ஸ்: 8 கேபிக்குள் ஒரு விண்வெளிப் போர்

இந்த வாரம் முழுக்க அட்டாரி 800 என்ற பழைய வீட்டுக் கணினியில் ஸ்டார் ரெய்டர்ஸ்தான். 1979-இல் டக் நியூபவர் எழுதிய ஆட்டம். மொத்தமும் 8 கேபி (கிலோபைட்) கார்ட்ரிட்ஜுக்குள் அடக்கம். அந்தக் கணினியின் ஒலியை உண்டாக்கும் போக்கி சில்லை வடிவமைத்தவரும் அவரே. எஞ்சின் உறுமலைக் கேட்டாலே அந்தக் கைப்பழக்கம் தெரியும்.

அந்தக் காலத்துச் சுடும் ஆட்டங்களில் பெரும்பாலும் திரையின் அடியில் நின்று மேல்நோக்கிச் சுடுவோம். இதிலோ காக்பிட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். 'எஃப்' அழுத்தினால் முன்பக்கம், 'ஏ' அழுத்தினால் பின்பக்கம், 'ஜி' அழுத்தினால் வரைபடம். நாம் சண்டையில் இருக்கும்போதே எதிரிகளான சைலான் படைகள் நகர்ந்து வந்து நம் தளத்தைச் சூழ்ந்துகொள்ளும். சீக்கிரம் போகாவிட்டால் தளம் போச்சு. அப்புறம் எரிசக்தி நிரப்ப, பழுது பார்க்க வேறு தளம் தேட வேண்டும்.

வரைபடத்தின் ஒரு கட்டத்திலிருந்து (செக்டர்) இன்னொன்றுக்குத் தாவும் ஹைப்பர்வார்ப்தான் எனக்கு உயிர். 'எச்' அழுத்தியதும் வேகம் ஏறும், நட்சத்திரங்கள் கோடுகளாக நீளும், குறி நழுவிக்கொண்டே இருக்கும். ஜாய்ஸ்டிக்கால் அதை நடுவில் பிடித்து வைக்க வேண்டும். (தொடக்க நிலையில் இந்தப் பாடு இல்லை.) கை தளர்ந்தால் வேறு செக்டரில் போய் இறங்குவோம்.

அதைவிட அருமை, சேதங்கள். ரேடியோ அடிபட்டால் வரைபடம் அப்படியே நின்றுவிடும். எதிரி எங்கே போனான் என்று தெரியாமல், பழைய படத்தை நம்பித்தான் தாவ வேண்டும். இவ்வளவு சின்ன நிரலில் இதையும் யோசித்திருக்கிறார் மனிதர்!

கமாண்டர் என்ற மிகக் கடினமான நிலையில் ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால், எந்தத் தளத்தை முதலில் காப்பாற்றுவீர்கள் என்று சொல்லுங்கள்.