மைதா இல்லாத சித்திரை

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. இலை போட்டுச் சாப்பாடு, பாப்பாவின் இலையில் மட்டும் கூடுதலாக இரண்டு சப்பாத்தி. அண்ணன் மகளுக்கு சீலியாக் நோய் என்று சந்தேகம், கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்குமாம். ஆனால் குடலை ஸ்கோப் வைத்துப் பார்க்கும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாதாம். இப்போதே நிறுத்தினால் குடல் ஆற ஆரம்பித்துவிடும், பயாப்ஸியில் ஒன்றும் தெரியாமல் போகும் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். அண்ணி பிசைகிறார், நான் சுடுகிறேன். அம்மா அடுப்படிப் பக்கமே வருவதில்லை.

ஏப்ரல் 15

பன் பரோட்டா, சால்னா ஊற்றி. இன்னொன்று கேட்டாள். வாங்கிக் கொடுத்தோம்.

ஏப்ரல் 17

தூக்கம் வரவில்லை. எழுந்து அலமாரியைக் காலி செய்தேன். மைதா, ரவை, சேமியா, கோதுமை மாவு எல்லாம் தெரிந்த எதிரிகள். தெரியாதவர்கள்தான் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பெருங்காய டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் கோதுமை மாவு. கூட்டுப் பெருங்காயம் என்றாலே பிசினும் மாவும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். சிலர் அரிசி மாவு போடுகிறார்கள், எங்கள் டப்பாவில் கோதுமை. இத்தனை வருஷ சாம்பாரிலும் ரசத்திலும் அது இருந்திருக்கிறது. சோயா சாஸில் கோதுமை. அவள் தினமும் பாலில் கலக்கிக் குடிக்கும் மால்ட் பவுடரில் பார்லி. உடம்பு தேறட்டும் என்று அம்மா இன்னும் ஒரு கரண்டி கூடப் போட்டுக் கொடுப்பாள்.

அரிசி மாவு பாவம் என்று நினைத்துத் தனியே எடுத்து வைத்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது, மில்லில் அரைத்தது. எங்களுக்கு முன்னால் யாரோ ரேஷன் கோதுமையை அரைத்திருப்பார்கள். கல்லில் தங்கியதெல்லாம் நம் தூக்கில்தான் விழும். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போடக் கூடாது என்பது சட்டம். ஒரு கிலோ அரிசி மாவைக் கெடுக்க அரைக் கிராம் மைதா போதும்.

அரைக் கிராம். வீட்டில் கேக் செய்து விற்பவள் நான், என் புருவத்திலேயே அவ்வளவு இருக்கும்.

ஏப்ரல் 18

கல்யாண நாள் ஆர்டர், இரண்டு கிலோ பிளாக் ஃபாரஸ்ட். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, செய்துதான் ஆக வேண்டும்.

காலை ஏழு மணி வெயில் கிழக்கு ஜன்னல் வழியாக மேடைமேல் விழும். சல்லடையைத் தட்டத் தட்ட மாவு கீழே இறங்குவதுபோலத்தான் இருக்கும். வெயில் பட்ட இடத்தில் பார்த்தால் கால்வாசி மேலே போகிறது. நின்று நிதானமாகச் சுற்றி, ஃபேன் காற்றில் ஹாலுக்குத் திரும்பி, பாப்பாவின் தண்ணீர் பாட்டில், தட்டு அடுக்கு, காயப்போட்ட டம்ளர். ஃபேனை நிறுத்தினேன். நிறுத்தியும் அது பாட்டுக்கு மிதக்கிறது. இதுவரை எனக்கு அழகாகத் தெரிந்த காட்சி இது.

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 19

“புதுநன்மைக்கு மூணு அடுக்கு சாக்லேட் கேக்குன்னு சொன்னீங்களே அத்தை.” பாப்பா கோயிலில் முதல் தடவை நற்கருணை அப்பம் வாங்கும் நாள் அது. சொன்னேன்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில், இதெல்லாம் தெரியாதபோது.

ஏப்ரல் 21

ஸ்கோப் முடிந்தது. இரவிலிருந்து பட்டினி. மயக்க மருந்து கொடுத்ததும் என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. சிறுகுடல் தொடங்கும் இடத்திலிருந்து சில துணுக்குகள் எடுத்தார்கள். சின்ன பாட்டிலில் மிளகாய் விதையைவிடச் சின்னதாக ஏதோ மிதந்தது. ரிப்போர்ட் வர ஒரு வாரம் என்றார்கள். இனி கோதுமையை நிறுத்தலாம் என்றும் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். எதிரே வரிசையாகக் கடைகள். இட்லி இருக்கிறது, ஆனால் சாம்பாரில் என்ன பெருங்காயம்? தோசை வாங்கலாம், அதே கல்லில்தான் ரவா தோசையும் பரோட்டாவும். கடைசியில் இளநீரும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்து ஆட்டோ பிடித்தோம். அண்ணன் வழி முழுக்க வாய் திறக்கவில்லை. காளவாசல் தாண்டும்போது, “நம்ம பக்கம் இது அபூர்வமாமே, வடக்கத்திக்காரங்களுக்குத்தானே வரும்?” என்றான். வடக்கே கோதுமை அதிகம் தின்கிறார்கள், அங்கே அதிகம் பார்க்கிறார்கள். அதற்காக அரசரடியில் ஒரு பிள்ளைக்கு வரக் கூடாது என்று இருக்கிறதா?

ஏப்ரல் 23

ராஜ்மா கேக் பண்ணிப் பார்த்தேன். குழைய வேகவைத்து, முட்டை, கோகோ, சர்க்கரையோடு மிக்ஸியில் அடித்து. பார்க்க நன்றாகத்தான் வந்தது. அம்மா ஒரு வாய் போட்டுவிட்டு, “இது சாக்லேட் சுண்டல்டி” என்று தட்டை நகர்த்தினாள். பாப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு. கேக் போனால் போகிறது.

ஏப்ரல் 25

ஆன்லைனில் குளூட்டன் ஃப்ரீ மாவு என்று அரை கிலோ பாக்கெட் இருக்கிறது. அரிசி, மரவள்ளி, ஸாந்தன் கம் என்று ஒரு பட்டியல், விலையோ மைதாவைப்போலப் பல மடங்கு. வாங்கப்போவதில்லை. காசு மட்டும் காரணமில்லை. அவள் பெரியவளாகி ஹாஸ்டலிலோ வேறு ஊரிலோ இருக்கும்போதும் தனக்கொரு கேக் செய்துகொள்ள வேண்டும். கூரியர் வந்தால்தான் கேக் என்றால் அது கேக்கா?

மாவு கேக்கில் என்ன வேலை செய்கிறது என்று யோசித்தால் வழி தெரிகிறது. காற்றைப் பிடித்து வைக்கிறது, வெந்ததும் இறுகி வடிவத்தைத் தாங்குகிறது. இரண்டையும் முட்டையும் செய்யும். வெள்ளைக்கரு காற்றைப் பிடிக்கும், வெந்தால் இறுகும். மீதிக்குக் கொஞ்சம் பாதாம். இத்தாலியில் காப்ரி தீவில் மாவே இல்லாமல் பாதாமும் சாக்லேட்டும் முட்டையும் வைத்து ஒரு கேக் செய்கிறார்கள், அந்த ஊரின் அடையாளமே அதுதான். நோய்க்காகச் செய்ததில்லை. ருசிக்குச் செய்வது.

கீழமாசி வீதியில் முழுப் பாதாமாக வாங்கினேன், உடைத்ததும் பொடித்ததும் வேண்டாம் என்று. வெந்நீரில் போட்டுத் தோலுரித்து மொட்டைமாடியில் காயவைத்தேன். இந்த வெயிலுக்கு மத்தியானமே கலகலவென்று ஆகிவிட்டது. ரெசிபி சர்க்கரையில் ஒரு கைப்பிடியைச் சேர்த்து, விட்டு விட்டு அரைக்க வேண்டும். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக் கொழகொழத்துவிடும். மிக்ஸி ஜார் புதிது. பழைய ஜாரின் பிளேடு அடியில் என்னென்ன இருக்கிறதோ.

ஏப்ரல் 26

வந்துவிட்டது.

200 கிராம் டார்க் சாக்லேட், 150 கிராம் வெண்ணெய், வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கியது. கம்பவுண்ட் சாக்லேட் கூடவே கூடாது. அதில் கோகோ வெண்ணெய் கிடையாது, வேறு தாவரக் கொழுப்பு, ஆறினபின் நாக்கில் மெழுகுபோல ஒட்டும். ஐந்து முட்டை, மஞ்சள் தனி வெள்ளை தனி. சர்க்கரை 150, பாதாம் 100, கோகோ இரண்டு ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. டின்னில் வெண்ணெய் தடவி மைதா தூவுவோமே, அதற்குப் பதில் கோகோ.

வெள்ளைக்கருவை மூன்று தவணையாகச் சேர்த்தேன். முதல் தவணையை இரக்கமே இல்லாமல் கலக்கிவிடலாம், கனமான கலவை இளகுவதற்கு அது. மற்ற இரண்டையும் கரண்டியின் ஓரத்தால் அடியிலிருந்து மேலே திருப்பித் திருப்பி, வெள்ளைக் கோடு மறைந்த உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஓவனில் 170 டிகிரி, 35 நிமிஷம். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரம் முதலில் ஏறியது, நடு தயங்கியது, அப்புறம் மொத்தமாக உப்பி டின்னுக்கு மேலே வந்தது. மேல்தோல் மெல்லிசாக, மங்கலாக. வெளியே எடுத்ததும் சர்ரென்று ஒரு சத்தம், நடுவில் விரிசல், பத்து நிமிஷத்தில் பள்ளம். மைதா கேக்கில் இப்படி வந்தால் கஸ்டமர் திருப்பி அனுப்பிவிடுவார். இதற்கு இதுதான் முகம். தாங்கிப்பிடிக்க மாவு இல்லை, காற்று சுருங்கினால் இறங்கத்தான் செய்யும்.

சூட்டோடு வெட்ட விடவில்லை. ராத்திரி ஒன்பதுக்குத்தான் கொடுத்தேன். பாப்பா சாப்பிட்டுவிட்டுச் சொன்னது: “இது எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?”

ஏப்ரல் 27

ஃபாதரைப் பார்த்தோம். நான் கேக்கைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், அண்ணி அப்பத்தைக் கேட்டார். நற்கருணை அப்பம் கோதுமை. கோதுமையே இல்லாத அப்பம் செல்லாது, 2017-ல் ரோமிலிருந்து வந்த கடிதத்திலும் அதையேதான் மறுபடி சொல்லியிருக்கிறார்கள். குளூட்டன் மிகக் குறைவாக உள்ள அப்பம் செல்லும். அதுவும் ஒத்துக்கொள்ளாது என்றால் திராட்சை இரசம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம், அதுவும் முழு நன்மைதான் என்றார். அண்ணி விடவில்லை. பூசையில் சாமியார் தன் கிண்ணத்தில் அப்பத்தில் ஒரு துண்டைப் பிட்டுப் போடுவாரே, அது? ஃபாதர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, “அவளுக்குத் தனிக் கிண்ணம் வைக்கிறேம்மா” என்றார்.

வெளியே வந்துதான் அண்ணி அழுதார்.

ஏப்ரல் 28

ரிப்போர்ட் வரவில்லை.

ஏப்ரல் 29

வரவில்லை. கேட்டால், “நாங்களே கூப்பிடுவோம்.”

ராத்திரி இரண்டு மணிக்கு டிக்கே என்ற டச்சு டாக்டரைப் பற்றிப் படித்தேன். 1944-45-ல் ஹாலந்தில் கடும் பஞ்சம், ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரே வாடிக்கிடக்கிறது, இவரிடம் இருந்த இந்த நோய்க்காரப் பிள்ளைகள் மட்டும் தேறுகிறார்கள். பஞ்சம் தீர்ந்து ரொட்டி வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். கோதுமைதான் காரணம் என்று அவர் உறுதியாகச் சொன்னது அதற்கு அப்புறம்தான். அந்த ரொட்டியை ஆசையாக ஊட்டிய அம்மாக்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். மால்ட் பவுடர், ஒரு கரண்டி கூட.

மே 1

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். நாங்கள் வேதக்காரர்கள்தான், ஆனாலும் மதுரைக்காரர்கள், போகாமல் இருக்க முடியுமா? கூட்டத்தில் பாப்பாவை அண்ணன் தோளில் வைத்துக்கொண்டான். முன்னைவிடக் கனமாக இருக்கிறாள் என்றான். பத்து நாளில் என்ன கனம் கூடிவிடும், இருந்தாலும் மறுத்துச் சொல்லவில்லை.

வழியெல்லாம் பந்தல். மோர் குடித்தாள், பானகம் குடித்தாள். ஒரு பந்தலில் தொன்னையில் கேசரி நீட்டினார்கள். கை நீட்டப் போனவள் இழுத்துக்கொண்டு, “அண்ணே, இது ரவையா?” என்று கேட்டாள். அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஆமா பாப்பா, நெய் நல்லா விட்டிருக்கோம், சாப்பிடு” என்றான். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மே 2

ரெண்டு ஆர்டருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒருத்தர் கோபித்துக்கொண்டார்.

மே 4

வந்துவிட்டது. மார்ஷ் 3 என்று போட்டிருந்தது, குடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் அளவாம். சந்தேகமே இல்லை என்றார் டாக்டர். சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நிற்க வேண்டியவை தேய்ந்து தட்டையாகக் கிடக்கின்றனவாம், அதனால்தான் இரும்புச் சத்தும் ஏறவில்லை, உயரமும் ஏறவில்லை. மருந்து கிடையாது. கோதுமையும் பார்லியும் வாழ்நாள் முழுக்கக் கூடாது. நிறுத்தினால் குடல் ஆறிவிடும், பிள்ளைகளுக்குச் சீக்கிரமே ஆறும்.

எல்லோருக்கும் அழுகை வரும் என்று நினைத்தேன். அம்மா போய் உலை வைத்தாள்.

மே 5

சண்டை. சத்தமில்லாத சண்டை, அதுதான் இந்த வீட்டின் வழக்கம். அண்ணன் சொல்கிறான், “நீ தொழிலை விட வேண்டாம், மாடியில ஷெட் போட்டுத் தரேன்.” மாடியில் ஷெட் போட்டால் மே மாசத்தில் வெண்ணெய் தானாக உருகும், க்ரீம் நிற்காது. அண்ணி சொல்கிறார், “நாங்க வேற வீடு பார்க்கிறோம்.” அம்மா சொல்கிறாள், “யாரும் எங்கேயும் போக வேண்டாம்.” என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து வருஷமாக இந்த மேடையில் சம்பாதித்துத்தான் ஓவனும் ஃப்ரிட்ஜும் வாங்கினேன். மைதாவை விட்டால் பேக்கரி கேக் கேட்பவர்கள் பாதிப் பேர் போய்விடுவார்கள். பாதாம் கேக் விலையைச் சொன்னால் மீதிப் பேரும் போவார்கள்.

ராத்திரி மைதா மூட்டையின் வாயைக் கட்டி, பக்கத்துத் தெரு டீக்கடைக்குக் கொடுத்துவிட்டேன், பஜ்ஜிக்கு ஆகட்டும் என்று. சல்லடை, மரக்கரண்டி, அடி கழலும் டின்கள் எல்லாம் போயின. டின்னின் மடிப்பில் ஊசியை விட்டுச் சுரண்டிப் பார்த்தேன், பழைய மாவு செதில் செதிலாக வந்தது. தேய்த்துக் கழுவின டின்.

யாரிடமும் சொல்லவில்லை. விடிந்தால் தெரிந்துவிடும்.

மே 6

தெரிந்தது. அண்ணி டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வழக்கமாக நான்தான் போடுவேன்.

மே 8

ஞாயிற்றுக்கிழமை புதுநன்மைக்கான கேக் இன்று. காலை ஒன்பதுக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்திவிட்டார்கள், ஐந்து மணிக்குத்தான் வரும். வெள்ளைக்கரு அடித்து வைத்தாகிவிட்டது, அது காத்திருக்காது. குக்கரில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் கல்லுப்பு பரப்பி, ஸ்டாண்ட் வைத்துப் பத்து நிமிஷம் காயவிட்டு டின்னை இறக்கினேன். சிறு தீயில் முக்கால் மணி நேரம். மேல்தோல் ஓவனில் வருவதுபோல வரவில்லை, ஈரமாக இருக்கிறது. உள்ளே சரியாக இருக்கிறது, கத்தியில் ஈரப் பொடியாக ஒட்டியது, அந்தப் பதம்தான் வேண்டும்.

மூன்று அடுக்கு முடியாது. ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் அடியில் இருப்பது நசுங்கிவிடும், இந்த ரகத்துக்கு அவ்வளவு முதுகு கிடையாது. பாப்பாவிடம் பேரம் பேசி முடித்தாயிற்று. மூன்று தனித்தனி கேக், மூன்று தட்டு, பெரியது நடுவில். வருகிற எல்லோருக்கும் இதே கேக்தான், வேறு கேக் மேஜைக்கு வராது. அது அவள் போட்ட நிபந்தனை.

மே 9

இரண்டு ஆறிவிட்டது, மூன்றாவது ஓவனில். சித்தப்பா வீட்டிலிருந்து போன், பிள்ளைகளுக்கு மேக்கரூனும் பஃப்ஸும் வாங்கி வருகிறார்களாம். மேக்கரூன் முந்திரியும் முட்டையும்தான், ஆனால் எந்த டிரேயில் சுட்டார்களோ. பஃப்ஸ் வாசலைத் தாண்டக் கூடாது. இதை எப்படிச் சொல்வது என்று அண்ணியும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மா போனை வாங்கி, “பூ மட்டும் வாங்கிட்டு வாங்க, போதும்” என்று வைத்துவிட்டாள்.

பட்டர் பேப்பர் தீர்ந்துவிட்டது. கடை சாத்துவதற்குள் போக வேண்டும்.