சோபாவைவிட இதுதான் மேல்

தண்டையார்பேட்டையில் தங்கை வீடு. அத்தை உள்ளே வந்ததும் புது சோபாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கால் நீட்டுவதற்கென்று வாங்கிப் போட்டிருந்த, ஒட்டோமான் என்கிற மெத்தை வைத்த பெட்டி இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

“கொஞ்சம் எழுந்திருங்கள் அத்தை, பாய் அதற்குள்தான் இருக்கிறது.”

தங்கை மூடியைத் தூக்கினாள். பாய், போர்வைகள், ரேஷன் அட்டை வைத்த பிஸ்கட் டப்பா, ஓரத்தில் பையனின் ஒற்றைக் கால் ஷூ. பிள்ளைகளின் விரல் நசுங்காதபடி மெதுவாக இறங்கும் மூடி. கொடுத்த காசு அதற்கே தகும்.

முதுகும் கையும் இல்லாத இந்த இருக்கை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துருக்கியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. துருக்கியில் அது சுவரோரம் நீளமாக மெத்தை போட்டு, குடும்பமே அமரும் ஆசனம்.

காலே இல்லாத உருண்டை பூஃப் பார்க்க அழகுதான். வயதானவர்களுக்கு ஆகாது, அமுங்கிவிடும். அகலமான ஒட்டோமான்மேல் ஒரு தட்டு வைத்தால் டீப்பாய் தயார். கால் நீட்ட மட்டும் என்றால் சோபாவைவிட ஓரிரு அங்குலம் தாழ்வாக இருப்பது நல்லது.

பத்துக்குப் பத்து கூடத்தில் குடித்தனம் நடத்தும் வடசென்னைவாசிகளே, முழங்காலில் இடிக்கும் அந்த டீப்பாயை முதலில் விற்றுவிடுங்கள்.

உறையைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி அப்படி.