சிவப்புக் கைக்குட்டைக்காரர் பெயரில் உதவித்தொகை

அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு மேல் தன்னார்வலர்கள்தான். நியூயார்க் மாநிலத்தின் அப்பர் நயாக்கில் வெல்ஸ் க்ரௌதர் 16 வயதிலேயே, அப்பா இருந்த அதே தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். அப்புறம் நிதி நிறுவன வேலை, உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் 104வது மாடி. 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்கள் மோதித் தாக்கப்பட்டபோது, முகத்தில் சிவப்புக் கைக்குட்டையோடு, 78வது மாடியில் தவித்தவர்களுக்குப் படிக்கட்டைக் காட்டி, ஒரு பெண்ணை முதுகில் சுமந்து இறக்கிவிட்டு, திரும்ப மேலே ஏறியிருக்கிறார் மனுஷன். கோபுரம் இடிந்து இறந்தபோது வயது 24.

குடும்பத்தார் அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கி மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள். சிலை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட பணத்துக்கு மார்க்கை மட்டும் பார்க்கக்கூடாது, ஊர்க் காரியத்துக்கு ஓடிவருகிற பிள்ளையா என்றும் விசாரிக்க வேண்டும்.