காஸாவின் சொட்டு மருந்து நாட்கள்

காஸாவில் 2024இல் நடந்த போலியோ முகாமைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவே இல்லை.

ஜூனில் கான் யூனிஸ், டெய்ர் அல் பலாஹ் பகுதிகளில் எடுத்த கழிவுநீரில் வைரஸ் இருந்தது. ஆகஸ்டில் ஒரு 10 மாதக் குழந்தைக்குக் கால் செயலிழந்தது உறுதியானது. 25 ஆண்டுகளில் அங்கே முதல் போலியோ. கூடாரங்களுக்கு நடுவே சாக்கடை ஓடுகிறது, தடுப்பூசி போட வழியில்லை. வராமல் எப்படி இருக்கும்?

செப்டம்பர் 1 முதல், பகுதி பகுதியாக, சொட்டு மருந்து கொடுப்பதற்காகக் காலை 6 முதல் மதியம் 3 வரை மட்டும் சண்டை நிறுத்தம். மின்சாரமே இல்லாத ஊரில் மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். வாயில் இரண்டு சொட்டு, விரலில் மை, அடுத்த பிள்ளை. இப்படியே முதல் சுற்றில் 10 வயதுக்குட்பட்ட ஐந்தரை லட்சம் பிள்ளைகளுக்கு மேல் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்களில் பலர் தாங்களே வீடிழந்து கூடாரத்தில் இருந்தவர்கள். அந்தச் செவிலியர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஒன்பது மணி நேரம் நிறுத்த முடிந்த குண்டுவீச்சை மற்ற நேரத்தில் ஏன் நிறுத்த முடியவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் சுற்று வடக்கில் தள்ளிப்போய், நவம்பர் 2 அன்று காஸா நகரில் மட்டும் தொடங்கியது. அன்றே ஷேக் ரத்வான் சுகாதார நிலையம் தாக்கப்பட்டு, 4 குழந்தைகள் உட்பட 6 பேர் காயமடைந்தார்கள். ஜபாலியா, பெய்த் லாஹியா, பெய்த் ஹனூன் பக்கம் அந்தச் சுற்றில் போகவே முடியவில்லை.