திங்கக்கிழமை மனுவும் புறநானூறும்

கலெக்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறவங்களுக்குத் தெரியும், திங்கக்கிழமைன்னா ஜி.டி.பி., அதாவது கிரீவன்ஸ் டே பெட்டிஷன். போர்டுல 'மக்கள் குறைதீர்க்கும் நாள்'னு எழுதியிருக்கும், ஆனா எங்களுக்குள்ள யாரும் அப்படிச் சொல்றதில்ல, 'இன்னைக்கு உனக்கு ஜி.டி.பி. டூட்டியா'ன்னுதான் கேட்டுக்குவோம். காலையில பத்து மணிக்கெல்லாம் கேட்டுலேருந்து போர்டிகோ வரைக்கும் ஜனம் நிக்கும். கேட்டுல போலீஸ் ஒவ்வொருத்தர் பையையும் தொறந்து பாப்பாங்க, மண்ணெண்ணெய் பாட்டில் ஏதும் இருக்கான்னு. ஏன்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. பட்டா மாறுதல், வாரிசு சான்று, முதியோர் உதவித்தொகை, வீட்டுமனை, பாதை ஆக்கிரமிப்பு, மூணு சக்கர வண்டி, புருஷன் கூட சண்டை, இப்படி எல்லாமே ஒரே வரிசையில நிக்கும்.

மதிலோரமா மரத்தடியில மனு எழுதித் தர்றவங்க உக்காந்திருப்பாங்க. வந்தவங்க கதைய முழுசா கேக்க அவங்களுக்கு நேரமில்ல, பேர், ஊர், ரேஷன் கார்டு நம்பர், என்ன வேணும், அவ்ளோதான். "நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன், மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவர், ஆகவே சமூகம் அய்யா அவர்கள் என் மீது கருணை கூர்ந்து..." இது எல்லா மனுவுலயும் இருக்கும், எழுதுறவர் கையெழுத்து கூட மாறாது. ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான மனு நம்பர் போட்டுப் பாருங்க, மத்தியானத்துக்கு மேல அத்தனை பேரும் ஒரே ஆள் மாதிரி ஆயிடுவாங்க. ஒரே ஆளு, மேற்படி முகவரியில வசிக்கிற ஆளு.

எங்க பக்கம் மட்டும் என்ன வாழுதாம். "பார்வையில் காணும் மனு மீது விசாரணை மேற்கொண்டதில், மனுதாரரின் கோரிக்கையை ஏற்க விதிகளில் இடமில்லை என்ற விவரம் இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது." இந்த வாக்கியத்தை நான் எத்தனை வாட்டி டைப் பண்ணியிருப்பேன்னு கணக்கே கிடையாது. இதை எழுதினது யாருன்னு இதுல தெரியாது, யாருக்கு எழுதினதுன்னும் தெரியாது. ஆபீஸ் நடக்கணும்னா இப்படி ஒரு பாஷை தேவைதான், நான் இல்லைங்கல. ஒவ்வொரு மனுவுக்கும் மனசுல பட்டதை எழுதிட்டு இருந்தா பெண்டிங் ஸ்டேட்மென்ட்ல மாட்டிப்போம்.

போன வருஷம் எங்க செக்சனுக்கு ஒரு ஜூனியர் அசிஸ்டென்ட் புதுசா வந்தாங்க, குரூப் 4 எழுதி பாஸ் பண்ணி, சின்ன வயசு, ரொம்ப ஷார்ப். நான் டிராயர்ல ஒரு புறநானூறு உரை வெச்சிருப்பேன், சாப்பிட்டு முடிச்சுட்டு ரெண்டு பக்கம் பொரட்டுறது பழக்கம். அதைப் பாத்துட்டு ஒரு நாள் கேட்டாங்க, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க, உங்களுக்குத்தான் வேலை கெடைச்சு எவ்ளோ வருஷம் ஆச்சு, இன்னும் எதுக்கு சார் இதெல்லாம் படிக்கிறீங்க?" எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, ஆனா யோசிச்சா அவங்க கேட்டதுல தப்பே இல்ல. குரூப் 4-ல 200 கேள்வியில 100 தமிழ்ல வருது. பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், அடிகள் எத்தனை, இந்த அடைமொழி யாருக்கு உரியது, பொருத்துக. மூணு வருஷம் இதையே மனப்பாடம் பண்ணினவங்களுக்கு இலக்கியம்னா ஒரு ஹால் டிக்கெட், ஹாலை விட்டு வெளிய வந்ததும் கிழிச்சுப் போடுற சமாச்சாரம். மனசு விசாலமாகும், பண்பாடு வளரும்னு ரெடிமேட் பதில் ஒண்ணு இருக்கே, அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. அதை நானே நம்புறதில்ல. "அப்புறம் சொல்றேம்மா"ன்னு டிபன் பாக்ஸை மூடிட்டேன்.

பதில் ஒரு ஜி.டி.பி. அன்னைக்கு வந்துச்சு. ஒரு ஆயா, எழுவதுக்கு மேல இருக்கும், முதியோர் உதவித்தொகை மனு. அப்போ மாசம் 1,200 ரூபாய், 2023-ல தான் ஆயிரத்துலேருந்து ஏத்தினாங்க. இவங்க ஏற்கெனவே ஒரு தடவை மனு குடுத்து தள்ளுபடி ஆயிருக்கு. சிஸ்டம்ல பாத்தேன், ஆர்.ஐ., அதான் வருவாய் ஆய்வாளர், குடுத்த ரிப்போர்ட் ரெண்டே வரி: மனுதாரருக்கு மகன் உள்ளார், மகனின் பராமரிப்பில் வசித்து வருகிறார், ஆதரவற்றவர் அல்ல. மனுவுல பாத்தா "எனக்கு எவ்வித ஆதரவும் இல்லை"ன்னு மரத்தடிக்காரர் எழுதியிருக்கார். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மோதுது. "ஆயா, உங்க புள்ள கூடத்தானே இருக்கீங்க, சோறு போடுறாங்கதானே?"ன்னு கேட்டேன். அந்தம்மா கொஞ்சம் கூட மறைக்கல. "போடுறாங்க சாமி, போடலன்னு சொன்னா நாக்கு அழுவிடும். ஆனா அந்தத் தட்டை வெக்கிற சத்தம் இருக்கு பாரு, அதைக் கேட்டப்புறம் திங்கத் தோணல"ன்னாங்க. பக்கத்துல உக்காந்து என்ட்ரி போட்டுட்டிருந்த நம்ம ஜூனியர் கீபோர்டுலேருந்து கைய எடுத்துட்டாங்க.

ஆர்.ஐ. எழுதினது பொய்யில்ல. மகன் இருக்கான், சோறு போடுறான். மரத்தடிக்காரர் எழுதினதும் ஒரு வகையில உண்மை. ஆனா நடந்தது என்னன்னு சொன்னது அந்தத் தட்டு சத்தம்தான், அதுக்கு ஃபார்ம்ல கட்டம் கிடையாது. அந்த ஒரு வரியில மருமக முகம், வீட்டுல ஆயா படுக்குற இடம், மகன் வாய மூடிட்டு இருக்கறது எல்லாமே வந்துடுச்சு, அந்தம்மா யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லல. இது யாருக்கும் பொதுவானதில்ல, இந்த ஆயாவுக்கு மட்டும்தான். ஆனா கேட்ட அத்தனை பேருக்கும் உடனே புரியுது. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இலக்கியம் செய்யற வேலை இதுதான், அதுக்கு மேல பெருசா விளக்கம் வேணுமான்னு தெரியல.

சாயங்காலம் கூட்டம் கலைஞ்சப்புறம் டிராயர்லேருந்து புத்தகத்தை எடுத்து 35-வது பாட்டைக் காட்டினேன். ஜூனியர் டக்குனு "வெள்ளைக்குடி நாகனார், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்"னு சொல்லிட்டாங்க, மார்க் வாங்கின கை. கீழ குறிப்புல என்ன போட்டிருக்குன்னு பாருங்கன்னேன். "பழஞ்செய்க்கடன் வீடுகொண்டது." அதாவது பழைய நிலத்தீர்வை பாக்கிய தள்ளுபடி வாங்கின பாட்டு. நாங்க ரெமிஷன்னு சொல்லுவோம். இது மனும்மா, நம்ம டிபார்ட்மென்ட் மனுன்னேன். அவங்க நம்பாம திரும்பத் திரும்பப் படிச்சாங்க.

நாகனார் அந்த மனுவ எப்படிப் போட்டிருக்கார்னு பாக்கணும். நான் ஏழை, எனக்கு நாதியில்லன்னு ஒரு வரி கிடையாது. காவிரி பல கிளையா பிரிஞ்சு பாயுற நாடு, வேல் நட்ட மாதிரி கரும்புப் பூ ஆடுற நாடுன்னு ஆரம்பிக்கிறார். நியாயம் கேட்டு வர்ற நேரத்துல ராஜா சுலபமா பாக்கக் கெடைச்சா அது மழை வேணும்ங்கறப்போ மழை பெஞ்ச மாதிரிங்கிறார், ஜி.டி.பி. ஹால் வாசல்ல எழுதி மாட்ட வேண்டிய வரி. அப்புறம் குடைக்கு வர்றார். உன் வெண்குடை வெயிலுக்குப் பிடிச்சதா? இல்ல, வருந்துற குடிகளுக்கு நிழல் குடுக்கத்தான்னு ராஜாகிட்டயே சொல்றார். மழை பொய்ச்சாலும், வெளைச்சல் குறைஞ்சாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும்னு எச்சரிக்கிறார். உன் படை ஜெயிக்கறதே ஏர் உழுத சால்ல வெளைஞ்ச நெல்லாலதான்னு கணக்கு காட்டுறார். கடைசியில ஒண்ணு சொல்றார் பாருங்க: "நொதுமலாளர் பொதுமொழி கொள்ளாது." சம்பந்தமில்லாதவன், அக்கறையில்லாதவன் பொத்தாம்பொதுவா சொல்றதை எடுத்துக்காதே, மாட்டைக் கட்டி உழுறவனோட பாரத்தைப் பாருங்கிறார். நான் இந்த வரிய முதல்ல படிச்சப்போ சும்மா தாண்டிப் போயிட்டேன். ஜி.டி.பி. டூட்டி பாத்தப்புறம்தான் அது யாரைச் சொல்லுதுன்னு ஒறைச்சுது. மகன் உள்ளார், பராமரிப்பில் உள்ளார், விதிகளில் இடமில்லை, இதெல்லாம் பொதுமொழி இல்லாம வேற என்ன.

அதே கிள்ளிவளவன்கிட்ட இன்னொரு மனு போயிருக்கு, 46-வது பாட்டு, கோவூர் கிழார். பகையாளி மலையமானோட பிள்ளைங்களை யானை காலுல போட்டு மிதிக்க வைக்கப் போறாங்க. எவ்ளோ அவசரம் பாருங்க, நாகனார் மாதிரி முப்பது வரி எழுத நேரமில்ல, எட்டே வரி. நீ ஒரு புறாவோட துன்பத்துக்காக உயிரையே குடுக்கத் துணிஞ்சவன் வம்சம். இவங்க, புலவர்கள் கஷ்டப்படக் கூடாதுன்னு தன்கிட்ட இருக்கறத பங்கு போட்டு சாப்பிட்டவங்க வம்சம். இது வரைக்கும் யார் வேணா எழுதலாம், ரெண்டு பக்க வம்சாவளி, அவ்ளோதான். அடுத்து கோவூர் கிழார் கண்ணைத் திருப்பி அந்தப் பிள்ளைங்களைப் பாக்கறார். அழுதுட்டிருந்த பிள்ளைங்க யானையப் பாத்ததும் அழுகைய மறந்துடுச்சுங்களாம். அது எதுக்கு வந்த யானைன்னு அதுங்களுக்குத் தெரியல! அப்புறம் அந்த மன்றத்துல நிக்கற புது முகங்களை மிரண்டு பாத்து, இதுவரைக்கும் தெரியாத ஒரு பயம் வருதாம். அதோட நிறுத்திட்டார். "கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே", கேட்டுட்டல்ல, இனி உனக்கு என்ன தோணுதோ செய். கருணை கூர்ந்து இல்ல, பணிவுடன் வேண்டி இல்ல. பிரேயரே, அதாவது கடைசியில வெக்கிற வேண்டுகோளே, இல்லாத மனு. பிள்ளைங்க பொழைச்சாங்கன்னு அடிக்குறிப்பு சொல்லுது.

ஜூனியர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "இதுலேருந்து கொஸ்டின் வந்தா 'கோவூர் கிழார்'னு டிக் பண்ணியிருப்பேன் சார், யானைய பாத்தே இருக்க மாட்டேன்"னாங்க.

நம்ம மாதிரி ஆளுங்கதான் இதை எழுதவும் செஞ்சிருக்காங்கன்னு அவங்களுக்குச் சொன்னேன். தமிழோட முதல் நாவலை 1879-ல வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை கோர்ட்டுல ரெக்கார்டு கீப்பர், அப்புறம் மொழிபெயர்ப்பாளர், அப்புறம் மாயவரத்துல முன்சீப். தீர்ப்புகளை தமிழ்ல போட்ட மனுஷன். நாள் பூரா வாதி பிரதிவாதின்னு கேட்டுட்டிருந்தவருக்கு, அந்தப் பாஷையில அடங்காதது ஏதோ மிச்சம் இருந்திருக்கும், அதான் கதைப் பக்கம் போனார்னு நான் நெனச்சுக்குவேன். இது என் ஊகம்தான்.

இதைப் படிச்சுட்டு, அப்போ இலக்கியம் படிச்சா ஆளு நல்லவனாயிடுவான்னு சொல்ல வர்றேன்னு நெனச்சுடாதீங்க. எனக்கு முன்னாடி ஒரு ஆபீசர் இருந்தார், மீட்டிங்ல குறள் இல்லாம பேசவே மாட்டார், கம்பனும் தண்ணிபட்ட பாடு. மனுதாரர் யாராவது ரெண்டு வாக்கியத்துக்கு மேல பேசினா "சுருக்கமா சொல்லு, சுருக்கமா சொல்லு"ன்னு எரிஞ்சு விழுவார். எங்க தபேதார் ஒருத்தர், ஆபீசர் ரூம் வாசல்ல நிக்கற உதவியாளர், பேப்பர் கூட தலைப்போட நிறுத்திக்கிறவர், வரிசையில மயங்கி உக்கார்ற கிழவிக்குத் தண்ணி குடுத்து முழுக்கதையையும் கேட்டுட்டு உள்ள வந்து "சார், அந்த பச்சை சேலைய முதல்ல கூப்புடுங்க"ன்னு சொல்லுவார். அவருக்குப் புறநானூறு தேவையில்ல, அவர் காது ஏற்கெனவே தொறந்துதான் இருக்கு. எனக்குத் தேவைப்படுது. பொதுமொழிய வருஷக்கணக்கா எழுதி எழுதி, காதுக்குள்ளயும் அதுவே ஓட ஆரம்பிச்சுடுது. ஆயா பேசப் பேசவே மண்டைக்குள்ள 'மனுதாரர் மகனின் பராமரிப்பில்'னு டைப் ஆகுது. தினம் ரெண்டு பக்கம் வேற ஒருத்தர் உன்னிப்பா பாத்து எழுதினதைப் படிச்சா அந்த ஓட்டம் கொஞ்சம் நிக்குது, தட்டு சத்தம் கேக்க இடம் கெடைக்குது. அந்த ஆபீசருக்கு மேற்கோள் தேவைப்பட்டுச்சு, எடுத்துக்கிட்டார். புத்தகம் மேல குத்தம் சொல்ல முடியாது.

ஆயா ஃபைலுக்கு நோட் போடுறதை ஜூனியரே எடுத்துக்கிட்டாங்க. நான் சொன்னது ஒண்ணுதான், மறுவிசாரணை கேக்கறப்போ 'மகன் உள்ளாரா'ன்னு கேக்காதீங்க, அதுக்கு ஏற்கெனவே பதில் இருக்கு. அவங்க எழுதினது இது: "மனுதாரருக்கு மகன் வீட்டில் உணவு வழங்கப்படுகிறது. வழங்கப்படும் விதம் காரணமாகத் தன்னால் உண்ண இயலவில்லை என மனுதாரர் நேரில் தெரிவித்தார். எனவே மனுதாரர் உண்மையில் பராமரிக்கப்படுகிறாரா என்பதை மனுதாரரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் தனித்தனியே விசாரித்து அறிக்கை பெறலாம்." இப்படி ஒரு நோட்டை எங்க செக்சன்ல நான் பாத்ததில்ல. இப்போ இருக்குற ஆபீசருக்கு மேல அனுப்பினோம். ரெண்டு நாள் கழிச்சு திரும்பி வந்துச்சு, ரெண்டாவது வாக்கியத்தை கோட் பண்ணி கீழ ஒரே வார்த்தை, "பேசவும்."

ரெண்டு பேரும் போய்ப் பேசினோம். வழங்கப்படும் விதம்னா என்னய்யா அர்த்தம், இதெல்லாம் ஃபைல்ல வரலாமான்னு கேட்டார். ஜூனியர்தான் பதில் சொன்னாங்க, தட்டு சத்தத்தை அந்தம்மா சொன்ன மாதிரியே, வார்த்தை மாறாம. அவர் கொஞ்ச நேரம் பேனாவ உருட்டிட்டு, 'வழங்கப்படும் விதம்'ங்கறத மட்டும் எடுத்துட்டு 'சூழ்நிலை'ன்னு போடுங்க, ஆடிட்டுல கேள்வி வரும்னார். மாத்திட்டு அப்ரூவல் வாங்கினோம். ஃபைல் தாலுக்காவுக்குப் போயிருக்கு, ரிப்போர்ட் இன்னும் வரல, நேத்து ரிமைண்டர் ஒண்ணு போட்டிருக்கு.