பெயரில்லாத உயிர்கள் காட்டிய வடிவம்

முனைவர் பட்டத்துக்காக மூன்று ஆண்டுகள் செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரே ஒரு புரதத்தை, ஒரு சவ்வுப் புரதத்தை, படிகமாக்க முயன்றேன். படிகமானால் எக்ஸ் கதிரில் அதன் வடிவத்தைப் பார்க்கலாம். தினமும் காலையில் 96 குழித் தட்டுகளை எடுத்துவந்து நுண்ணோக்கியில் துளித் துளியாகப் பார்ப்பேன். ஒருமுறை ஊசி போல ஒன்று மின்னியது. எக்ஸ் கதிரில் வைத்தோம், வெறும் உப்பு. அன்று மாலை யாருடனும் பேசவில்லை.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, அது மடிந்துதான் வடிவம் பெறுகிறது. அந்த அமினோ அமில வரிசை முழுதாகக் கையில் இருந்தும் வடிவம் தெரியவில்லை. வரிசையிலிருந்தே வடிவத்தை ஊகிக்க ஒரு வழி உண்டு. ஒரே புரதம் பல உயிர்களில் சிற்சில மாற்றங்களோடு இருக்கும். மடிந்த நிலையில் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு அமினோ அமிலங்களில் ஒன்று மாறினால், பொருத்தம் கெடாமலிருக்க மற்றதும் காலப்போக்கில் மாறுகிறது. அப்படிச் சேர்ந்தே மாறும் இடங்களைக் கண்டுபிடித்தால் எது எதற்கு அருகில் என்று சொல்லிவிடலாம். இதைவிட அழகான தர்க்கம் அறிவியலில் எனக்குத் தெரியாது. ஆனால் பல உயிர்களிலிருந்து ஆயிரக்கணக்கான உறவு வரிசைகள் வேண்டும். என் புரதத்துக்குச் சில நூறுகூடத் தேறவில்லை.

2017-இல், புரத வடிவங்களைக் கணினியில் கணிக்கும் டேவிட் பேக்கர் குழுவின் கட்டுரை 'சயன்ஸ்' இதழில் வந்தது. மண்ணிலும் கடல்நீரிலும் இருக்கும் டிஎன்ஏவை அப்படியே பிரித்துப் படித்து, பலர் பொதுத் தரவுத்தளங்களில் வைத்திருந்த வரிசைகளை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றை ஆய்வகத்தில் யாரும் வளர்த்ததில்லை, பெயரும் கிடையாது. அவற்றின் துணையோடு, வடிவம் தெரியாதிருந்த 614 புரதக் குடும்பங்களுக்கு, அதாவது உறவுப் புரதக் கூட்டங்களுக்கு, கணினியில் வடிவ மாதிரிகள் அமைந்தன. அவற்றில் 206 சவ்வுப் புரதங்கள்! என் புரதத்தின் குடும்பம் அதில் இல்லை. இருந்தும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வரிசையிலிருந்து புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டும் இத்தகைய உறவு வரிசைகளை நம்பித்தான் இயங்குகிறது. 1971-இல் ஏழே வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் படிகக்காரர்கள் சேர்த்துவைத்ததைப் பார்த்துத்தான் அது கற்றது. பாராட்டெல்லாம் மென்பொருளுக்குப் போகிறது. சேற்றை அள்ளி, வரிசையைப் படித்து, பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் கொடுத்தவர்களை யார் நினைக்கிறார்கள்? நான் நினைக்கிறேன்.

2022-இல் ஆல்ஃபாஃபோல்டின் தரவுத்தளம் 20 கோடிப் புரதங்களைத் தாண்டியபோது என்னுடையதும் அதில் இருந்தது. கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதை நிறம் காட்டும். சுருள்கள் எல்லாம் கருநீலம்: நம்பலாம். முனையில் முப்பது அமினோ அமிலங்கள் மட்டும் ஆரஞ்சு: நம்ப முடியாது, பெரும்பாலும் நிலையான வடிவமே இல்லாத வால். படிகத்தில் புரதங்கள் ஒழுங்காக அடுக்கப்படுவதை இத்தகைய தளர்ந்த வால்கள் கெடுத்துவிடும். மூன்று ஆண்டுகளும் அதை வெட்டாமலேயே துளியில் இட்டிருக்கிறேன்.

வால் நீக்கிய மரபணு வியாழக்கிழமை வந்து சேர்கிறது. தட்டுகளை நானே வைக்கப்போகிறேன்.