துளை விழுந்த வெல்டிங்

இன்று பார்த்த பீடில், அதாவது வெல்டிங் விட்டுச்செல்லும் உலோக வரியில், வரிசையாக ஊசித் துளைகள். மிளகைத் தூவியது போல.

உடனே வெல்டர்களின் கை போனது கேஸ் ரெகுலேட்டருக்குத்தான். நிமிடத்துக்கு 15 லிட்டரை 25 ஆக்கினார்கள். துளை கூடியது.

கம்பியே உருகி இணைப்பாகும் இந்த மிக் வெல்டிங்கில் கேஸ் நிதானமாக வழிந்து, உருகிய உலோகத்தைப் போர்த்த வேண்டும். அளவு மீறினால் கேஸ் வெளிவரும் நாசில் வாயிலேயே சுழல் உண்டாகி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்றிலுள்ள நைட்ரஜன் உருகலில் கரைந்து, இறுகும்போது தப்ப வழியில்லாமல் குமிழாக நின்றுவிடும்.

6 மி.மீ. பிளேட், 1.2 மி.மீ. கம்பி, 200 ஆம்பியர், 24 வோல்ட். செட்டிங்கில் தப்பே இல்லை. நாசிலில் ஸ்பேட்டர் (தெறித்த உலோகத் துளி) அடைப்பும் இல்லை.

மூன்றடி தள்ளி பெடஸ்டல் ஃபேன், முழு வேகத்தில்! அதன் காற்றுதான் கேஸ் போர்வையைக் கலைத்தது.

இந்த வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்வது பாவம். நடுவில் ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்தி, கேஸை 15-க்கே இறக்கினார்கள். அடுத்த பீடு சுத்தம்.

ஆனால் பழைய துளைகளின் மேலேயே இன்னொரு பீடு ஓட்டி மூடுவதை ஏற்கவே முடியாது. அடியில் இருக்கும் குமிழ் புது உருகலிலும் மேலேறி வரும். கிரைண்டரால் துளையின் அடிவரை எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.